கால்மிதிக்குப் போகாத துண்டுகள்

கரடியின் கழுத்தில் இருந்த டை முடிச்சு மாறியிருந்தது.

மதியம் மூன்றரை மணி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் உள்ளறைக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குள் துணிக் கரடி. போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோதுதான் தாய் அதைப் பார்த்தாள். இறுக்கமான, முக்கோணமான முடிச்சு. அதற்குக் கீழே, கட்டைவிரலால் அழுத்திவிட்டது போல ஒரு சின்னக் குழி. துணிக்கடைப் பொம்மைகளின் கழுத்தில்தான் அப்படி ஒரு முடிச்சை அவள் பார்த்திருக்கிறாள்.

அந்த டை அவள் கணவனுடையது. அவனிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த அன்று கூட இருந்தவர் யாரோ கட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவன் அதை அவிழ்க்கவே இல்லை. மாலையில் தளர்த்தித் தலை வழியாகக் கழற்றுவான், காலையில் தலை வழியாக மாட்டிக்கொள்வான். "இது அவிழ்ந்துச்சுன்னா என் வேலையும் போச்சு" என்று சிரிப்பான். ஒரு பக்கமாகக் கோணிப்போன அந்த அழுக்கு முடிச்சை அப்படியே காப்பாற்றி, பிரியாமலிருக்க நாலு தையல் போட்டுத்தான் கரடிக்கு மாட்டியிருந்தாள். இப்போது அந்த நாலு தையலும் இல்லை. நூல் அறுந்த அடையாளமும் இல்லை.

மகளுக்கு டை கட்டத் தெரியாது. பள்ளிக்கூட டைக்கு எலாஸ்டிக். தாய்க்கும் தெரியாது. வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை.

கை அவிழ்க்கப் போனது. மகள் தூக்கத்தில் முனகினாள், கை பின்வாங்கிவிட்டது. அந்தத் தூக்கத்தைக் கலைக்கிற துணிச்சல் அவளுக்கு இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன கணவன் திரும்பி வராமல் போனதிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை தூங்காமல் கிடந்தது. வாலு என்று தெருவே கூப்பிட்ட பிள்ளை, சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று மாலைதான் அவள் கணவனின் மூன்று சட்டைகளையும் வெட்டி இந்தக் கரடியைத் தைத்தாள். அன்றைக்கே பிள்ளை தூங்கியது. மூன்று வாரமாகத் தூங்குகிறது.

அவளுக்குத் தொழிலே அதுதான். போனவர்களின் துணியை வேறொன்றாக ஆக்கித் தருவது. சட்டைகளைத் தலையணையுறை ஆக்குவாள், கோட்டைப் பையாக்குவாள், குழந்தை வளர்ந்து விட்டுப்போன கவுன்களை ஒட்டுப்போட்டுப் போர்வையாக்குவாள். "துவைச்சுடாதீங்க, வாசனை போயிடும்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருவர் துணி இன்னொருவர் துணியோடு சேரக் கூடாது. அவரவர் துணி அவரவர் பையில், சீட்டு எழுதி. வெட்டி விழுந்த துண்டும் அதே பையில் திரும்பிப் போய்விட வேண்டும்.

அதை அவள் ஒரே ஒரு தடவைதான் மீறினாள். கரடியின் தோலுக்குச் சட்டைகள் போதும், வயிற்றுக்கு எதுவும் இல்லை. பஞ்சு வைத்தால், "உள்ளயும் அப்பாதானே?" என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? மேசையடியில் ஒரு பை இருந்தது. நாற்பத்திரண்டு டைகளின் மிச்சத் துண்டுகள். பட்டும், டைக்குள் விறைப்புக்காக வைக்கிற தடித்த துணியும். கனமாக, மெத்தென்று. ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று சொல்லிக்கொண்டு பாதியை எடுத்துத் திணித்தாள். "உள்ள முழுக்க அப்பாதான்டா" என்று மகளிடம் பொய் சொன்னாள்.

செத்துப்போன தன் கணவரின் அந்த டைகளைக் கொண்டுவந்த அம்மாள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனவர். வேர்த்துக் கொட்டுகிற நாளிலும் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். டைகளை வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கால்மிதி கேட்டவர் அவர் ஒருவர்தான். "ஒரு நூல்கூட வெளிய நிக்கக் கூடாது" என்றார். வசதியுள்ளவர்களின் கிறுக்கு என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் மழை. முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நூல் மாற்ற நிறுத்தியபோது, மழைச் சத்தத்துக்கும் குழாய்ச் சொட்டுக்கும் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கும் நடுவில், உள்ளறையிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. பட்டின் மேல் பட்டு வழுக்கிப்போகிற சத்தம். சர்ர்ர். ஒரு நிறுத்தம். மறுபடியும் சர்ர்ர். போய்ப் பார்த்தால் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு நேற்றைவிட நேராக இருந்தது. பிள்ளையின் சட்டையில் பித்தான் கழுத்துவரை போட்டிருந்தது. அறையில் சவர லோஷன் வாசனை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எழுந்ததும் கேட்டாள். "என்னடா இது, கழுத்து வரைக்கும் பித்தான்? மூச்சு முட்டாதா?"

"அப்பா போட்டுவிட்டாரு."

அவளுக்குப் பயம் வந்தது. பயம் மட்டுமல்ல. எத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அப்பா வந்தாரா? என்னடா சொன்னாரு?"

"நேரா நில்லுன்னாரு. அப்பா இப்ப நல்லா வாசனையா இருக்காரும்மா."

அவள் கணவன் யாரையும் நேராக நில் என்று சொன்னதில்லை. அவனே நேராக நின்றதில்லை. பதிமூன்று ரூபாய் சோப்பின் வாசனையைத் தவிர வேறு வாசனையும் அவனிடம் இருந்ததில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கரடியைப் பிள்ளையிடமே விட்டுவைத்தாள். அன்று மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். செத்தவன் கொஞ்சம் மாறித்தான் வருவான் போல என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் போதும்.

மூன்றாம் நாள் மதியம், மகள் தூங்கப் போனபின், ஒரு கோட்டை இஸ்திரி போடும்போது ஆவி எழுந்தது. கை அப்படியே நின்றது. மகளின் அறையில் இருந்த வாசனையை எங்கே முகர்ந்தோம் என்பது இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. இதே மேசையில்தான். அந்த டைகளை இஸ்திரி போட்டபோது எழுந்த வாசனை. சவர லோஷன், அதற்கடியில் வேர்வை. நாற்பத்திரண்டிலும் முடிச்சு விழுந்த இடத்தில் ஒரே மாதிரி மடிப்பு இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

மேசை மேல் போன் அடித்தது.

"டெய்லரம்மா, நான்தான். டை குடுத்தேனே."

"சொல்லுங்கம்மா. கால்மிதி நல்லா இருக்கா?"

"மிச்சத் துண்டு எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா?"

மடியில் கனம் இருந்தும் சொல்லிவிட்டாள். "குடுத்துட்டேனேம்மா."

"இல்ல." அந்தக் குரலில் கோபமே இல்லை. களைப்புதான் இருந்தது. "காலையில எழுந்ததும் அதுமேல ஏறித்தான் நிக்கிறேன். மூணு வாரமா மிதிக்கிறேன். கீழ ஆளே இல்ல."

சிரித்துவிடலாம் என்று பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. உள்ளறையில் சர்ர்ர் என்றது.

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்க வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பறப்ப டையை முதல்ல என் கழுத்துல கட்டிப் பார்ப்பாரு. அவர் உயரத்துக்கு வர்றதுக்கு முக்காலில ஏத்தி நிக்க வெச்சுடுவாரு. முடிச்சு சரியா உக்கார்ற வரைக்கும் நான் மூச்சு விடக் கூடாது. ஆடினா அவிழ்த்துட்டு மறுபடியும் முதல்லேருந்து. மூச்சு விடலாம்னு அவர் சொல்லணும். இருபத்தாறு வருஷம்." அந்தப் பக்கம் எச்சில் விழுங்கும் சத்தம். "சில நாள் சொல்ல மறந்துடுவாரு. வேணும்னே. டெய்லரம்மா, உங்க வீட்டுல சின்னப் புள்ள யாராவது..."

போன் தரையில் விழுந்தது.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. தள்ளினாள். திறந்தது. மழை இருட்டு. கட்டிலில் கசங்கிய போர்வை. கரடி குப்புறக் கிடந்தது. பக்கத்தில் கணவனின் டை. அவிழ்ந்து, நீளமாக, ஒரு மடிப்புகூட இல்லாமல். யாருக்கும் வேண்டாததைப் போல அதை ஒதுக்கிப் போட்டிருந்தது.

மகள் இல்லை.

"வாலு?"

பதில் இல்லை. இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை உருவினாள். கரடியின் முதுகைக் கிழித்தாள். கையை விட்டு வாரினாள். பட்டுத் துண்டுகள் கொத்தாக வந்தன. விரலளவு. நகமளவு. ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. முக்கோணமாக. அதன் கீழே ஒரு சின்னக் குழி. நூற்றுக்கணக்கில்.

எல்லாவற்றையும் வெளியே இழுத்தாள். தரை முழுக்க முடிச்சுகள். கரடி வெறும் சட்டையாகச் சரிந்தது. போதும். வெளியே வந்துவிட்டது. முடிந்துவிட்டது. இனி எரித்துவிடலாம்.

சர்ர்ர்.

சத்தம் கரடியிலிருந்து வரவில்லை. திறந்து கிடந்த அலமாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அங்கே, அலமாரிக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில், தையல் மெஷினின் முக்காலி. அதன் மேல் மகள். கைகள் இரண்டும் விறைப்பாக உடம்போடு ஒட்டியிருந்தன. முகவாய் தூக்கியிருந்தது. கண்கள் கூரையைப் பார்த்தன. சட்டையின் காலர் மேலே நிமிர்ந்து நின்றது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாத கழுத்தில் தோல் உள்ளே அமுங்கியது. முதலில் பின்னால் ஒரு கோடு. பிறகு பக்கவாட்டில். பிறகு தொண்டைக் குழிக்கு மேலே, முக்கோணமாக.

காலரின் வலப்பக்கம் நிதானமாக மடிந்து இறங்கியது. பிறகு இடப்பக்கம்.

"மூச்சு விடு! வாலு, மூச்சு விடுடா! அம்மா சொல்றேன்!"

பிள்ளையின் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. உதடு நீலம் பாரித்திருந்தது. தலை லேசாக, மிக லேசாக, மாட்டேன் என்று அசைந்தது. உடனே காலர் இரண்டு பக்கமும் வெடுக்கென்று நிமிர்ந்தது. சர்ர்ர். முதலிலிருந்து.

அவள் பாய்ந்தாள். மகளின் கழுத்தைப் பற்றினாள். அவிழ்க்க முடிச்சைத் தேடினாள். முடிச்சு அகப்படவில்லை. விரல்கள் அகப்பட்டன. உலர்ந்த, வெதுவெதுப்பான, பெரிய விரல்கள். அவள் நகம் பதியப் பதிய இழுத்தும் அவை நகரவில்லை. அவசரப்படவும் இல்லை.

அவற்றில் ஒன்று விலகி, பிள்ளையின் முகவாயை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டது.