முதல் மடக்கு

"விடிஞ்சும் விடியாம எங்க கிளம்பிட்டே?"

மாமியார் கேட்டாள். மருமகள் பிளாஸ்கில் டீயை ஊற்றி மூடியைத் திருகினாள். கணவன் தன் பங்குக்கு, என் தம்பியைத் தெருவில் நிறுத்தியவளுக்கு ஊர் சுற்ற வேறு நேரம் கிடைத்ததா என்றான்.

கொழுந்தனுக்கு மனநோய். இருந்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்திலேயே பகல்நேர மனநல மையம். அங்கே நர்ஸ் கொடுத்தால்தான் மாத்திரை போடுவான். வேறு யார் நீட்டினாலும் விஷம் என்பான். செலவைக் குறைக்கிறோம் என்று மேலிடத்தில் யாரோ முடிவெடுத்தார்கள். மையத்துக்குப் பூட்டு விழுந்தது. அவன் மாத்திரை இல்லாமல் தவிப்பதைப் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் மாமியார் அவன் டீயில் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிட்டாள். விவரம் தெரியாமல் நீட்டியது மருமகள். ஒரு மடக்கு குடித்தான், கசந்தது.

"நீங்களுமா அண்ணி?" என்று போனவன்தான். பஸ் டிப்போ மதிலோரம் படுத்துக் கிடக்கிறான்.

யார் கலந்தது என்று பிறகு மருமகளுக்குப் புரியாமலில்லை. ஆனால் மாமியாரும் வாய் திறக்கவில்லை, இவளும் காட்டிக்கொடுக்கவில்லை. பழியை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு, எங்கேதான் போகிறாள் என்று பார்க்க மாமியாரும் கணவனும் அவள் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

மதிலோரம் கொழுந்தன் எதிரே உட்கார்ந்து, டம்ளரில் டீ ஊற்றி, தான் ஒரு மடக்கு குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் வாங்கினான். தினமும் இதே கதைதான். மாத்திரைப் பேச்சை எடுக்கவே அவளுக்குப் பயம்.

மாமியார் ஓடிவந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். "அவ இல்லடா... நான்தான்டா கலந்தேன், பாவி!"

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்னை ஏன்டி காப்பாத்தினே?"

"தம்பிக்கு அம்மான்னு ஒருத்தர் வேணுமே அத்தை..."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா குடிக்கட்டும்."

மாமியார் டம்ளரில் டீ ஊற்றி ஒரு மடக்கு குடித்து நீட்டினாள். அவன் எழுந்து வாங்கிக் குடித்தான். வீட்டுக்கு வா என்று அம்மா கூப்பிட்டாள். அவன் மதிலோரம் வரிசையாகப் படுத்திருந்தவர்களைக் காட்டினான். எல்லாரும் அந்த மையத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள்.

"இவங்களுக்கும் குடிச்சுக் காட்டும்மா. இவங்களுக்கும் நர்ஸ் இல்ல."

மருமகள் ஊற்றித்தர, மாமியார் ஒவ்வொருவரிடமாகப் போனாள். பாதியிலேயே பிளாஸ்க் காலி. கணவன் அதை மனைவியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டீக்கடையைப் பார்த்து நடந்தான்.