மூன்றாவது குழாய்

ஒழுகக் கூடாத இடத்தில் கருப்பாக ஒரு சொட்டு நின்றது.

ஹந்தா தேநீர்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அடுப்பிலிருந்து கிளம்பி, கம்பளிக் கூடாரத்தின் கூரை வளையத்தைத் தாண்டிப் போகும் புகைக்குழாயில் நான்கு துண்டுகள். ஒவ்வொன்றையும் குறுகிய முனை கீழே வருகிற மாதிரி அவளேதான் செருகினாள். அப்படிச் செருகினால்தான் புகை உறைந்து வழியும் தார் உள்ளுக்குள்ளேயே அடுப்புக்குத் திரும்பும். களிமண்ணில் சாம்பலும் உப்பும் குழைத்து மூட்டுகளைப் பூசியதும் அவள்தான். சொட்டு மூட்டில் இல்லை. மூன்றாவது துண்டின் நடுவில் இருந்தது.

போன குளிர்காலம் இதே கூடாரத்தில்தான் மாமனார் தூக்கத்தில் செத்தார். சந்தையில் இருந்ததிலேயே மெல்லிய தகரத்தைப் பொறுக்கி வந்த புண்ணியவான் அவருடைய கடைக்குட்டி லுவ்சன், அவள் புருஷன். தகரம் பிளந்து புகை உள்ளே நிறைந்துவிட்டது. கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. கூரைக் கம்பளியை முழுக்க மூடாமல் படுக்கவே மாட்டார். "கதவ மூடு, சூடு போகுது" என்பதுதான் அவர் நாள் முழுக்கப் பேசும் பேச்சு. பெற்றவரின் அடுப்பு கடைசி மகனுக்கு என்பது வழக்கம். அடுப்பு இருக்கட்டும், குழாய் மட்டும் கெட்டித் தகட்டில் புதிதாக வேண்டும், இல்லையென்றால் கைக்குழந்தையோடு உள்ளே வரமாட்டேன் என்று ஹந்தா ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உறைந்த ஏரி விரிசல் விட்டு முனகும் ஓசை தூரத்தில் கேட்டது. உள்ளே லார்ச் விறகின் பிசின் மணம். அதற்கடியில் மூக்குப்பொடியும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த இன்னொரு வாடை, கிழவரின் கோட்டில் அடிக்குமே அதே வாடை. குழந்தை நோமின் தொட்டிலில் தூங்கினாள்.

கம்பில் துணியைச் சுற்றிச் சொட்டைத் துடைத்தாள். கருப்புச் சாயமும் சேர்ந்து உரிந்தது. அடியில் பழைய தகரம் பல்லை இளித்தது.

"லுவ்சா, மூணாவது குழாய் எங்க வாங்குன?"

தொட்டிலருகே உட்கார்ந்து பூட்ஸைத் தைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "மோரோன் சந்தையில. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் வாங்குனேன்."

"பொய் சொல்லாத. சாயம் உரியுது."

"ஒண்ணே ஒண்ணு பழசு. இப்ப என்ன அதுக்கு? எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சா அப்பா எங்க போவாரு?"

"உங்கப்பனக் கொன்ன குழாய எம்புள்ள தலைக்கு மேல மாட்டி வச்சிருக்க. நீயெல்லாம் மனுசனா?"

"கத்தாத, முழிச்சுக்கும். நீதான் பெரிய கொத்தனாராச்சே, பூசித் தொலையேன்."

கையிலிருந்த கம்பாலேயே அவனைச் சாத்தலாமா என்று நினைத்தாள். அப்போது குழாய்க்குள் யாரோ இருமினார்கள்.

காற்றாக இருக்கும். ஆனால் வெளியே காற்றே இல்லை.

மறுபடியும் இருமல். சளி கட்டிய, நெஞ்சிலிருந்து இழுத்து வரும், கிழவரின் இருமல். முடிவில் ஒரு செருமல். லுவ்சனின் ஊசி நின்றது. அவன் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. இதற்கு முன்பே கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான், பாவி.

தகரம் பிளந்தது. புகை பொங்கியது.

"புள்ளயத் தூக்கிட்டு வெளிய வா" என்று கத்திவிட்டு ஹந்தா ஓடினாள். கூரைக் கம்பளியின் கயிறு வெளியேதான் இருந்தது. கம்பளி முழுக்க மூடியிருந்தது. அவள் மூடவில்லை. விறைத்த கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இழுத்துத் திறந்தாள்.

குழாயின் உச்சியில் புகை இல்லை. கூரையிலும் இல்லை. யாரும் வெளியே வரவில்லை.

கதவைத் தள்ளினாள்.

உள்ளே புகையே இல்லை. குழாய் காய்ந்திருந்தது. பிளவு மூடியிருந்தது. கிழவர் எப்போதும் உட்காரும் இடத்தில் லுவ்சன் உட்கார்ந்திருந்தான். மடியில் நோமின்.

"வெளிய வரச் சொன்னேன்ல?"

அவன் வாயைத் திறந்தான்.

"கதவ மூடு" என்றது கிழவரின் குரல். "சூடு போகுது."

சொல்லோடு புகையும் வந்தது.

குழந்தையைப் பிடுங்கினாள். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. திரும்பி வாசலை நோக்கி நடந்தாள்.

தோளில் நோமின் இருமினாள். சளி கட்டிய இருமல். நெஞ்சிலிருந்து இழுத்து வந்தது. முடிவில் ஒரு செருமல்.

ஹந்தாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மெல்லிதாக ஒரு கரும்புகை வந்தது.