பேப்பருக்குப் பின்னால் கல்வி அமைச்சர்

தலைமையாசிரியை ஃப்ளோரன்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் சும்மா போக மாட்டாள், நம்மையும் இழுத்துக்கொண்டுதான் போவாள் என்பது கிளிஃபர்டின் நெடுநாள் அனுபவம். அன்றும் அப்படித்தான். ஜூன் மாதத்து வெயில், சாந்தோமில் கடல் காற்று பேருக்குக்கூட இல்லை, கரண்ட் போய் எவ்வளவோ நேரமாகிறது, அடுப்பில் வஞ்சிரம் பாதி வறுபட்டுக் கிடக்கிறது. இந்த அழகில் வந்து சோபாவில் உட்கார்ந்து, "ஜொவிட்டாக்கா, ஸ்கூல் மானமே போச்சு" என்று ஆரம்பித்தாள்.

ஜொவிட்டா கிளிஃபர்டின் மனைவி. தலைமைச் செயலகத்தில் அமைச்சர்களின் விழாக்களுக்கு நிகழ்ச்சி நிரல் போட்டே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். மாதா கோயில் பங்கில் யார் வீட்டில் எது தொலைந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் அவசரப்பட மாட்டாள். அவளுக்கும் சேர்த்து அவசரப்படுவது கிளிஃபர்டின் வேலை. அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

"ஹால்ல இருந்த பித்தளைத் தகடு காணோம்க்கா. அந்தக் காலத்துல கல்வி அமைச்சர் வந்து ஹாலைத் திறந்து வெச்சாருல்ல, அந்தத் தகடு. ஞாயித்துக்கிழமை நூற்றாண்டு விழா, இப்ப இருக்கிற அமைச்சர் வராரு. பவுல்சாமி சார் புஸ்தகத்தை வேற அவர்தான் வெளியிடுறாரு."

பவுல்சாமி அந்தப் பள்ளியின் முன்னாள் வரலாற்று ஆசிரியர். மந்தைவெளிப் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். இந்த மாநிலத்தின் கல்வி அமைச்சர்கள் வரலாற்றைப் பல வருஷமாக எழுதி, இப்போதுதான் அச்சாக்கியிருந்தார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்றாள் ஜொவிட்டா.

"தேர்தல் அறிவிச்ச அன்னைக்குக் கார்ப்பரேஷன் ஆளுங்க வந்து, அமைச்சர் பேரு இருக்குன்னு தகட்டு மேல பேப்பர் ஒட்டிட்டுப் போனாங்க. ஓட்டு எண்ணி எல்லாம் முடிஞ்சதும், இந்தத் திங்கட்கிழமைதான் ரத்னாவைக் கிழிக்கச் சொன்னேன். கிழிச்சா உள்ள ஆணி ஓட்டைங்கதான் இருக்கு."

"செத்துப் போய் எத்தனையோ வருஷம் ஆன மனுஷன்! அவர் பேரைப் பார்த்து எவன் ஓட்டை மாத்திப் போடப்போறான்?" என்று கிளிஃபர்ட் சீறினார்.

"தேர்தல் விதின்னா விதிதாங்க" என்றாள் ஜொவிட்டா. "நீ சொல்லு ஃப்ளோரன்ஸ். யார் மேல சந்தேகம்?"

ஃப்ளோரன்ஸ் கைக்குட்டையை முறுக்கினாள். ரத்னா பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவள். பவுல்சாமி சார் மே மாதக் கடைசியில், மாதா வணக்க மாத ஜெபமாலை முடிந்த அன்று, அதே ஹாலில் தகட்டை நின்று படித்ததாகச் சொல்கிறார். அன்றைக்கு ஹாலைப் பூட்டிய பிறகு திங்கட்கிழமை வரை யாரும் திறக்கவில்லை, சாவி ரத்னாவிடம். தாளாளர் ஜேக்கப் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஃப்ளோரன்ஸ் தன் பங்குக்குக் காலை ப்ரேயரில், பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டாள். இப்போது இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லையாம்.

"பித்தளை என்ன விலை விக்குது! காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்" என்று கிளிஃபர்ட் உடனே எழுந்தார். "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடறேன்."

ஜொவிட்டா தடுக்கவில்லை. அதுதான் அவருக்குப் பிற்பாடு ஆத்திரமாக வந்தது. மெட்ரோ வேலைக்காக லஸ் முனையைத் தோண்டி வைத்திருக்கிறார்கள், எந்தத் தெரு எங்கே போகிறது என்று அந்தத் தெருவுக்கே தெரியாது. ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஒவ்வொரு காயலான் கடையாக ஏறி இறங்கினார். கடைசிக் கடைக்காரர் ஆசிஃப், "சார், ஸ்கூல் பேரு வெட்டின தகட்டை எவனாவது வாங்குவானா? போலீஸு என் தலையில ஏறி உக்காந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

வியர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்குப் போனால், ஜொவிட்டா ஆட்டோவில் வந்து இறங்கி, ஹாலில் நிம்மதியாக மோர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கடையில கிடைக்காதுன்னு தெரியும்ல? சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"அப்ப தெரியாதுங்க. இங்க வந்து சுவத்தைப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது. நீங்களும் பாருங்க."

சுவரில் தகடு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. ஆணி ஓட்டைகள் சிதையாமல் ஒழுங்காக இருந்தன. பேப்பர் ஒட்டியிருந்த நாலு மூலையிலும் மட்டும் சுண்ணாம்பு பெயர்ந்து வந்திருந்தது. கிழித்த பேப்பரைக் குப்பைச் சாக்கிலிருந்து எடுத்து மேஜை மேல் விரித்து வைத்திருந்தாள். "கார்ப்பரேஷன் ஆளுங்க மைதா பசைதான் போடுவாங்க. பாருங்க, ஓரமெல்லாம் கரப்பான் அரிச்சிருக்கு. ஆனா மூலையில மட்டும் ஃபெவிகால். கல்லு மாதிரி காஞ்சிருக்கு. யாரோ பேப்பரைக் கிழியாம உரிச்சு, ஸ்க்ரூவைப் பொறுமையாக் கழட்டி, தகட்டை எடுத்துட்டு, பேப்பரைத் திரும்ப ஒட்டியிருக்காங்க."

"விக்கிறதுக்கு எடுத்தவன் திரும்ப ஒட்டிட்டா உட்காந்திருப்பான்?" என்றார் கிளிஃபர்ட்.

"அதேதான். இப்ப நீங்க ஒண்ணு பண்ணுங்க. தகட்டுல இருந்த அமைச்சர் பேரு என்னன்னு இங்க இருக்கிறவங்களைக் கேட்டு வாங்க."

கேட்டார். அங்கேதான் அவருக்கு நிஜமாகவே தலைவலி வந்தது. தாளாளர் ஜேக்கப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கல்வி அமைச்சர்னு போட்டிருக்கும்" என்றார். பேரைக் கேட்டால், "அதான் சொல்றனே, கல்வி அமைச்சர்." ஃப்ளோரன்ஸ் இந்தப் பள்ளியிலேயே படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, தினமும் அந்தத் தகட்டைத் தாண்டி நடந்தவள். உதட்டைப் பிதுக்கினாள். கணக்கு டீச்சர் அப்படி ஒரு தகடு இருந்ததே காணாமல் போன பிறகுதான் தெரியும் என்றார். அடப்பாவிகளா! இத்தனை வருஷம் சுவரில் தொங்கியதை ஒரு ஜீவன் படிக்கவில்லை, ஆனால் காணோம் என்றதும் ஊரே ஒப்பாரி வைக்கிறது.

ஜொவிட்டாவோடு வெளியே வந்தால், கேட் பக்கம் ரத்னா நின்றிருந்தாள். கூவமோ அடையாறோ எந்தக் கரையில் குடிசை போட்டாலும் அரசாங்கம் தூக்கிக் கொண்டுபோய்ப் போடும் பெரும்பாக்கத்தில்தான் இப்போது அவள் வீடு. அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள்.

"இன்னாமா, நீங்கதான் கண்டுபுடிக்க வந்தீங்களா? மாசா மாசம் புளி போட்டுத் தேய்ச்சு அதைப் பளபளன்னு வெச்சது நானு. தேய்ச்ச கைக்குத் திருடின்னு பேரு. எனக்கு வேலை போனா இன்னொரு வேலை கீது. என் பொண்ணு தமிழ்மொழி இங்கதான் எட்டாவது படிக்குது. அதைப் புள்ளைங்க எல்லாம் 'பித்தளை, பித்தளை'ன்னு கூப்புட்டுக்கினு கீதுங்க. நேத்திலேர்ந்து ஸ்கூலுக்கு வர மாட்டேங்குது. அதுக்கு இன்னா பதில் சொல்லுவீங்கோ?"

ஜொவிட்டா அவள் கையைப் பிடித்து, "சாயங்காலம் இரு. பதில் சொல்றேன்" என்றாள்.

சாயங்காலம் ஹாலில் ஜேக்கப், ஃப்ளோரன்ஸ், பவுல்சாமி மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரத்னா நின்றாள். ஜொவிட்டா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

"சார், உங்க புஸ்தகத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

இது போதாதா? வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, குரலில் இன்னும் வகுப்பறை. கல்வி இலாகா எப்படியெல்லாம் கை மாறியது என்று பவுல்சாமி பொழிய ஆரம்பித்தார். ஒரு காலத்தில் நிதியும் கல்வியும் ஒருவர் கையிலேயே இருந்தது. பிறகு தனித்தனி ஆனது. பிறகு கல்வியே பள்ளிக்கு ஒருவர், கல்லூரிக்கு ஒருவர் என்று இரண்டாகப் பிரிந்தது. கிளிஃபர்ட் நாற்காலியில் நெளிந்தார். இந்த மனுஷனிடம் படித்து எப்படித்தான் பாஸ் ஆனார்களோ!

"முதல் அத்தியாயமே இந்த ஹால் திறப்பு விழாதான் இல்லையா சார்? மே மாசம் நீங்க வந்தப்ப, தகடு நல்லாப் படிக்கிற மாதிரி இருந்துதா?"

"பேஷா இருந்தது. ஜெபமாலை முடிஞ்சு நிதானமா நின்னு ஒவ்வொரு வரியாப் படிச்சேனே. வரலாற்றுக்காரன் கண்ணால பார்க்காம எதையும் சொல்ல மாட்டான்."

"அது மேல பேப்பர் ஒட்டியிருந்துதே, எப்படி சார் படிச்சீங்க?"

பவுல்சாமி சட்டை மடிப்பை நீவிக்கொண்டார்.

"என்ன பேப்பர்? அதான் ஏப்ரல்லயே ஓட்டுப் போட்டு முடிச்சாச்சே!"

"நமக்கு ஓட்டுப் போட்டதும் தேர்தல் முடிஞ்சு போகுது சார். நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா நடத்தை விதி ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் உண்டு. எண்ணினது ஜூன் மாசம். மே மாசம் முழுக்க இந்தத் தகட்டு மேல பேப்பர் இருந்துது. ஃப்ளோரன்ஸ், நீ எப்ப பேப்பரை எடுக்கச் சொன்ன?"

"திங்கட்கிழமை..." என்று சொன்ன ஃப்ளோரன்ஸ் நெற்றியில் அறைந்துகொண்டாள். "சார் பார்த்தேன்னு சொன்னதும் நான் யோசிக்கவே இல்லக்கா. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

"மே மாசமா? அப்ப பேப்பர்தான ஒட்டிக்கினு இருந்துச்சு" என்றாள் ரத்னா, திகைத்துப் போய். அவர் இப்படிச் சாட்சி சொன்னார் என்று அவளிடம் இதுவரை யாரும் சொல்லவேயில்லை.

ஜொவிட்டா குரலை உயர்த்தவில்லை. "காசுக்கு எடுத்தவன் பேப்பரைத் திரும்ப ஒட்ட மாட்டான். கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரியக்கூடாது, பிறகு திரும்ப மாட்டிடலாம்னு நினைக்கிறவன்தான் ஒட்டுவான். அப்படின்னா பித்தளைக்காக எடுக்கல, அதுல எழுதியிருந்ததுக்காக எடுத்திருக்காங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல, ஒருத்தரும் கவலைப்படல. கவலைப்பட ஒரே ஒருத்தர்தான் சார் இருக்கீங்க. புஸ்தகத்துல யார் பேரைப் போட்டீங்க? தகட்டுல யார் பேரு இருக்கு?"

பவுல்சாமி பேசியபோது வகுப்பறைக் குரல் போயிருந்தது.

அந்தக் காலத்து அழைப்பிதழை வைத்து எழுதிவிட்டார். அழைப்பிதழ் அச்சான பிறகு இலாகா மாறிவிட்டது. விழாவுக்கு வந்தது புது அமைச்சர். புத்தகத்தின் உள்பக்கங்கள் அச்சாகி வந்த பிறகு, அட்டையில் தகட்டின் படம் போடலாம் என்று ஏப்ரலில் பேப்பரை உரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கல்வி அமைச்சர்கள் வரலாறு எழுதினவன் முதல் பக்கத்திலேயே அமைச்சரைத் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று ஊர் சிரிக்காதா? விழா முடிந்ததும் மாட்டிவிடலாம் என்று மேற்கு மாம்பலத்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்தாராம். யாரும் படிக்காத தகடுதானே என்று நினைத்தாராம். மே மாதம் ஹாலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், ஓட்டுப் போட்ட கையோடு பேப்பரை எடுத்திருப்பார்கள் என்று நம்பித்தான் தகட்டைப் படித்ததாகச் சொன்னாராம்.

"ரத்னா பேரை நான் சொல்லல" என்றார் மெதுவாக.

"சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு தெரிஞ்சுதான சார் மே மாசம்னு சொன்னீங்க?" என்று கிளிஃபர்ட் வெடித்தார். "பேர் சொல்லாம ஆளைக் காட்டுறதுக்குப் பேரு என்ன சார்? வரலாறா?"

ஜேக்கப் அவசரமாக இருமினார். "சரி, சரி. அமைச்சர் வர நேரத்துல இது வெளிய போக வேணாம். சார் ராத்திரியோட ராத்திரியா மாட்டிடட்டும். ரத்னா, நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடு. எதுவும் நடக்காத மாதிரி இருந்துப்போம், என்ன?"

ரத்னா எழுந்தாள். "திருடின்னு மைக்குல சொன்னீங்கோ. இல்லன்னு ரூமுக்குள்ள சொல்றீங்களா? புள்ளைங்க கேட்டுச்சு. புள்ளைங்க முன்னாடியே சொல்லணும். டீச்சரம்மா மட்டும் சொன்னா போதாது, எடுத்த சாரே சொல்லணும்."

ஜேக்கப் ஜொவிட்டாவைப் பார்த்தார். அவள் ரத்னாவைப் பார்த்தாள். மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

மறுநாள் ப்ரேயரில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எட்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில் தமிழ்மொழி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ரத்னா மைதானத்தின் பின்னால், வேப்ப மரத்தடியில் நின்றாள். ஃப்ளோரன்ஸ் முதலில் வந்து தான் திட்டியது தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு பவுல்சாமி மைக் முன்னால் வந்தார். எத்தனையோ வருஷம் அதே இடத்தில் நின்று பேசியவர், அன்று மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினார்.

"தகட்டை எடுத்தது நான்தான். ரத்னா எடுக்கல" என்றார். பாதியில் மைக் கீச்சென்று கத்தியது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பவுல்சாமி இறங்கப் போனார்.

"சார்!" என்று பின்னாலிருந்து ரத்னாவின் குரல் வந்தது. "மைக்கு கத்திச்சு, புள்ளைங்களுக்குக் கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்கோ."

பவுல்சாமி திரும்பி வந்து, மைக்கை நேராகப் பிடித்து, இன்னொரு தரம் சொன்னார்.