சந்தனம் அப்பிய அண்டா

செவ்வந்திக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. விடிந்ததிலிருந்து புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்க்கிறாள். ஆவணியில் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள். பந்தலில் ஊர் பார்க்கப் பரப்பியதோடு சரி. சாக்கில் கட்டிப் பரணில் ஏறிவிட்டன. ஒன்றுகூட அடுப்பைக் கண்டதில்லை. தலைப்பொங்கலுக்கு வாசலில் அடுக்கினால்தான் மதிப்பு என்று அவளே இறக்கினாள்.

எண்ணினாள். இருபத்தொன்று இருக்கவேண்டும். பதினாறுதான்! பெரிய அண்டாவும் நாலு குடமும் இல்லை.

மாமியார் ராக்கு அடுப்படியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மண்பானை, ஒரு கும்பா, ஒரு செம்பு... முப்பது வருசமாக அவள் புழங்கியது அவ்வளவே.

“அத்தே! எங்கய்யா குடுத்த அண்டா எங்க?”

“போனது போச்சு தாயி. இருக்குறத வச்சுப் பொழங்கு.”

“எங்க போச்சு? தொண்டியில இருக்காளே ஒங்க மக, அவ வீட்டுக்கா?”

ராக்கு மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். செவ்வந்தி தெருவுக்கு ஓடினாள்.

“எல்லாரும் கேளுங்க... எம்மாமியா திருடி! எஞ்சீரத் திருடி மகளுக்குக் குடுத்துட்டா!”

எதிர்வீட்டு முருகம்மாள் மோவாயில் கைவைத்தாள். “ஆத்தாடி! ஒத்தக் கும்பாவுல கஞ்சி குடிச்சுக்கிட்டு என்னா வேசம் போட்டுருக்கா பாரேன்!”

ராக்கு கும்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பதினொரு மணி பஸ்ஸில் கரும்பும் அரிசியுமாகப் பொங்கல் சீர் கொண்டுவந்தார் செவ்வந்தியின் அய்யா கூத்தையா. வாசலிலேயே முருகம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த அஞ்சும் நம்மது இல்ல ஆத்தா.”

“அண்ணே, வேணாம்...” என்றாள் ராக்கு.

“விடு தங்கச்சி. சபையில வரிசை கொறஞ்சா கேவலம்னு எங்கூருத் தங்கசாமி வீட்டுல எரவல் வாங்குனேன். அதுல வெட்டியிருந்த அவுக பேரு தெரியாம சந்தனத்த அப்பி வச்சேன். மூணாம் நா திரும்பக் கேக்க வந்தேன், வாய் வரல... சந்தனத்துக்கு அடியில இருந்த பேரப் பாத்து ஒங்கத்தயே புரிஞ்சுக்கிட்டா. வைக்கோல் கட்டுக்குள்ள மறைச்சு, ரெண்டு நடை, கம்மாக்கரை வழியா எங்கூருக்குச் செமந்து குடுத்தா.”

செவ்வந்தி ராக்குவின் காலில் விழுந்தாள். “ஏன் அத்தே சொல்லல... ஏன் சொல்லல!”

“சொன்னா ஒங்கய்யா எப்புடி இந்த வாசல மிதிப்பாரு? எந்திரி.” வாரி அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

“இப்பவே தெருவுல போயிச் சொல்றேன்!”

ராக்கு கையைப் பிடித்தாள். “அந்த மனுசன் தல நிமிந்து பஸ் ஏறணும். உக்காரு.”

செவ்வந்தி உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னதில் தனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் அவளைக் கூசவைத்தது.

வாசலில் எதையும் அடுக்கவில்லை. இரண்டு பாத்திரத்தை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை, விசேச வீடுகளில் சமைக்க வேண்டியவர்கள் எடுத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டாள். முருகம்மாள் வீட்டுக் காதுகுத்துக்கும் போய் வந்தது.

ஆனால் தெரு நடுவே திருடி என்றவள், அதே தெருவில் நின்று இல்லையென்று சொல்லவேண்டும். ராக்குவுக்காக அந்தச் சொல்லை அவள் இன்னும் சொல்லவில்லை.