இன்று ஒன்றே ஒன்று

"அந்நிய எழுத்து: ஒன்று. அழிக்கப்பட்டது" என்றது கடிதச் சல்லடை.

செண்பகவடிவு தேநீரை உறிஞ்சியபடி திரையைப் பார்த்தாள். செவ்வாய்க் கோளில் தமிழர் குடியிருப்பின் அஞ்சல் பொறுப்பு அவளுடையது. தம்பி இசக்கியைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. புழுதிப் புயலில் அவன் வண்டி காணாமல் போனதிலிருந்து, காலையில் அவள் முதலில் தேடுவது அவன் பெயரைத்தான்.

"நேத்து வரைக்கும் கொத்துக் கொத்தா வந்துச்சு. இன்னைக்கு ஒண்ணுதான்" என்றாள்.

"விளம்பரக்காரனுக்கே அலுத்துப் போச்சு போல. உங்க சல்லடைகூட எவன்க்கா மல்லுக்கட்டுவான்?" என்று சிரித்தான் பக்கத்து இருக்கை சகாயராஜ்.

அவளும் லேசாகச் சிரித்தாள். பூமியிலிருந்து கொட்டிய விளம்பரக் கடிதங்களில் குடியிருப்பின் நினைவகம் திணறியபோது, அந்த விதியை எழுதியவள் அவள்தான். சல்லடை எதையும் படிக்காது. எழுத்துக் குறியாக்கத்தை மட்டும் பார்க்கும். தமிழோ ஆங்கிலமோ இல்லையென்றால் திறக்காமலே அழித்துவிடும். எம்மொழியையும் பெயர்க்கும் பொறி எல்லா நிலையங்களையும் போல இங்கும் இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, அதைச் சல்லடைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

மதியம் புயல் அடங்கியது. வாசல் மணி ஒலித்தது. மலைக்கு அந்தப்புறமுள்ள ஜார்ஜிய நிலையத்து மருத்துவர் நின்றிருந்தார். பின்னால் ஒரு வண்டி. அதில் வெள்ளைத் துணி போர்த்திய நீளமான பெட்டி.

அவர் தன் மொழியில் பேச, தலைக்கவசம் தமிழில் சொன்னது.

"இசக்கியின் அக்கா நீங்கள்தானே? அவரை நாங்கள்தான் மீட்டோம். புயலில் வானொலி செத்துவிட்டது. கம்பிவழி அஞ்சல் மட்டுமே இருந்தது. அதனால் திரும்பத் திரும்ப எழுதினோம். எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்று கேட்டோம். ஒரு வரிப் பதில் போதும். நினைவு தப்பும் முன், 'எங்க அக்காவுக்கு எழுதுங்க, உடனே பதில் போட்டுருவா' என்றார்."

பென்சிலின். சின்ன வயதில் அவன் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குத் தவித்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

"காத்திருந்து பார்த்தோம். காய்ச்சல் ஏறியது. நேற்றிரவு, எங்களிடம் இருந்ததைப் போட்டோம்."

சகாயராஜ் அவளைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான்.

"காலைல ஒண்ணு வந்துச்சே..." என்றாள் அவள். "அதுல என்ன கேட்டிருந்தீங்க?"

மருத்துவர் வண்டியிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதில் எதுவும் கேட்கவில்லை" என்றது தலைக்கவசம். "அவரைக் கொண்டுவருகிறோம் என்று மட்டும் எழுதியிருந்தோம்."