அழுமூஞ்சிப் பொத்தான்

பதினைந்தாவது நாளாக அதே அழுமூஞ்சி!

அவள் திரையையே முறைத்தாள். பதினெட்டு மாடிக் கட்டடம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஊழியர்கள். காலையில் உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் வாசலில் இருக்கும் தொடுதிரையில் தன் அடையாள அட்டையைக் காட்டி, ஒரு முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். ஊழியர் நலத் திட்டம் என்று நிர்வாகம் புதிதாகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த முகங்களைக் கவனிப்பதுதான் நல அதிகாரியான அவளுடைய வேலை. யாராவது தொடர்ந்து பதினைந்து நாள் அழும் முகத்தைத் தொட்டால், அவரை அவள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மனம் தேறும் வரை வாரம் ஒரு முறை. அது விதி.

ஆள் இருக்குமிடம், அடித்தளத்தில் குளிர்சாதனக் கட்டுப்பாட்டு அறை.

பாவம்... யார் பெற்ற பிள்ளையோ!

ஒரு கோப்பு, ஒரு பெட்டி டிஷ்யூ, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நாலு ஆறுதல் வார்த்தைகள்... இவற்றோடு கதவைத் திறந்தாள். உள்ளே யாரோ சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க... சோகமா இருக்கிறவர் யாருங்க?"

சீட்டி நின்றது. கையில் ஸ்பேனரோடு ஒருவன் திரும்பினான்.

"எந்த மாடி? குளிருதா, புழுங்குதா?"

"மாடி இல்லைங்க... மனசு."

"அதுக்கு இங்க வால்வு கிடையாதே!"

அவன் கண்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உதடு சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிற கண்கள். அவளுக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது. கோப்பைப் புரட்டி, அட்டை எண்ணைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள்.

"அட, அது நான்தாங்க. ஆனா..."

"வேண்டாம், எதுவும் சொல்ல வேண்டாம்," என்றாள் அவசரமாக. "சிரிச்சே மறைக்கிறவங்களுக்குத்தான் உள்ளே வலி ஜாஸ்தி. எனக்குப் புரியுது."

சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அவன் திகைத்துப் போனான். யாரென்றே தெரியாத தனக்காகவா...? வாய் வரை வந்த உண்மை அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. டிஷ்யூவில் ஒன்றை உருவி அவளிடமே நீட்டினான்.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு அவள் வந்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதி வைக்கச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் அதை வாங்கிப் படித்தாள்.

"ஏழாம் மாடியும் எட்டாம் மாடியும் இன்னிக்கு ஏசிக்காகச் சண்டை போடல... ஈரப்பத முள்ளு ஏறுது, மழை வரும்... இன்னிக்குப் புதன்கிழமை." நிமிர்ந்தாள். "புதன்கிழமை எப்படி நல்ல விஷயமாகும்?"

"அது... வாரத்துக்கு ஒண்ணுதானே வருது மேடம்!"

"எல்லாக் கிழமையும் வாரத்துக்கு ஒண்ணுதான் வருது."

அவன் எழுந்து ஏதோ ஒரு வால்வைத் திருகப் போய்விட்டான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

ஜன்னலே இல்லாத அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கு முன்னால் மழையைக் கண்டுபிடிப்பவன் அவன். ஒரு சாயங்காலம் அவள் மேஜைத் தொலைபேசி அடித்தது.

"மேடம், வெளிக்காத்துல ஈரம் தொண்ணூறைத் தாண்டிடுச்சு. அரை மணியில கொட்டும். குடை இருக்கா?"

இல்லை. கீழே வந்தால் குடையோடு நின்றான். பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அவன் வலது தோள் முழுக்க நனைந்தது, அவள் மேல் ஒரு துளிகூட விழவில்லை.

"நீங்க காலையில எந்த மூஞ்சியத் தொடுவீங்க?"

"நாங்க நல அதிகாரிங்க... எங்க அட்டை அந்தப் பட்டியல்லயே இல்ல."

"அப்ப உங்களை யாரு விசாரிப்பாங்க?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி அவளோடேயே வந்தது. இரண்டாயிரம் பேரை விசாரிக்கிற தன்னை விசாரிக்க ஒருவன் இருக்கிறான்... நினைத்தாலே இனித்தது.

எட்டாவது வாரம் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க முதல் கேஸே இன்னும் அழுதுட்டு இருக்கு. ஒரு ஆளைத் தேத்த முடியாத திட்டம் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கிறாங்க. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு பண்றோம். மூடிட்டா உங்க வேலையும்..."

அவர் முடிக்கவில்லை. தேவையும் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தன் வேலையைவிட அவன் மேல்தான் கவலை. நான் போய்விட்டால் இவனை யார் பார்ப்பார்கள்?

வியாழக்கிழமை குடும்ப நாள். ஊழியர்களின் வீட்டார் எல்லாம் கீழ்க்கூடத்தில் கூடியிருந்தார்கள். அவன் அக்காவும் வந்திருந்தாள். நல அதிகாரி அவளைத் தனியே அழைத்துப்போய், மெதுவாக, பக்குவமாக ஆரம்பித்தாள்.

"உங்க தம்பி... வீட்ல எப்படி இருக்கார்? சரியாச் சாப்பிடறாரா?"

"அவனா? ஆளுக்கு முன்னாடி தட்டோட உக்காந்துடுவான்."

"மனசுல ஏதோ சோகம்..."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "சோகமா? அவனுக்கா? அவன் குளிக்கும்போது பாடுற பாட்டுக்குப் பக்கத்து வீட்ல ஜன்னலைச் சாத்துறாங்கம்மா! வாசல்ல ஏதோ திரை இருக்காமே? சிரிக்கிற மூஞ்சியத் தொட்டா பன்னெண்டு கேள்வி கேக்குதாம். 'மகிழ்ச்சிக்குக் காரணம் என்ன, ஐந்து வரியில் எழுதுக'ன்னு. அழுற மூஞ்சியத் தொட்டா 'உங்களோடு இருக்கிறோம்'னு சொல்லி விட்டுடுதாம். சோம்பேறிப் பய, அதையே தொட்டுட்டு வந்துடறான்."

இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தவன் பாதி வழியிலேயே நின்றுவிட்டான்.

"மேடம்... முதல் நாளே சொல்ல வந்தேன்..."

"அப்புறம் எட்டு வாரமா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க?" அவள் ஓரடி முன்னால் வந்தாள். "லீவு நாள்லகூட உங்களுக்காக உக்காந்து படிச்சேன். நீங்க மூச்சு விடறதை நான் எண்ணிட்டு இருந்தேன்! நாளைக்கு உங்க ஒத்தை மூஞ்சியால என் வேலை போகப் போகுது. போதுமா?"

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். வேலை போவது வலித்தது. ஏமாந்தது அதைவிட வலித்தது. சே... எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

வெள்ளிக்கிழமை காலை மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது திரை மினுங்கியது. அடித்தளத்து அட்டை. சிரிக்கும் முகம். பன்னிரண்டு கேள்விக்கும் பதில்!

அவள் மெல்ல உட்கார்ந்தாள். மகிழ்ச்சிக்குக் காரணம் என்ற மூன்றாவது கேள்விக்கு, 'நல அதிகாரி. ஒரு புதன்கூடத் தவறியதில்லை' என்று இருந்தது.

ஏழாவது, திட்டத்தில் எதை மாற்றலாம்? 'இந்தப் பன்னிரண்டு கேள்விகளை. இவற்றுக்குப் பயந்து முகத்தை மாற்றித் தொடுகிறவர்கள் ஐந்தாம் மாடியில் மட்டும் ஒன்பது பேர். திட்டத்தில் குறையில்லை, கேள்வித்தாள்தான் குறை.'

பன்னிரண்டாவது, வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா? 'முதல் பதினைந்து நாள் சோம்பல். அதற்குப் பிறகு பயம். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் வரமாட்டீர்களே... பொய் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள். உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இன்றைக்குத்தான் நிஜமாகவே அழும் முகத்தைத் தொட வேண்டிய நாள். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்று திட்டுகிறார்கள், இத்தோடு முடிக்கிறேன்.'

அவள் ஏழாவது பதிலை மட்டும் அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். எல்லார் முன்னாலும், "நான் ஏமாந்துட்டேன் சார்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கௌரவம் பார்த்தால் காரியம் நடக்காது.

மேலாளர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"உண்மையைச் சொல்லணும்னா... நானும் சும்மா இருக்கிற மூஞ்சியத்தான் தொடறேன். அந்த ஐந்து வரிக்குப் பயந்துதான்!"

கூட்டமே சிரித்தது. கேள்விகளை எடுத்துவிட்டு இன்னும் ஆறு மாதம் நடத்திப் பார்ப்பதாக முடிவாயிற்று.

மூன்று மணிக்கு அடித்தளத்துக் கதவு திறந்தது. இன்றைக்குச் சீட்டி இல்லை. அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே..."

"வேலை போகல," என்றாள். "ஆனா இனிமே நான் உங்களை அதிகாரியா வந்து பார்க்க முடியாது. உங்க கோப்பை சீனியர் மேடத்துக்கு மாத்திட்டேன்."

அவன் முகம் வாடியது. நீட்டிய தாளை வாங்கி, அவள் விரலால் காட்டிய இடத்தைப் படித்தான். மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், அவள் கையெழுத்தில், 'இவரை நடுநிலையோடு பார்க்க என்னால் முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.'

அவன் இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்கும்போது கண்கள் சிரிக்க ஆரம்பித்தன... உதடு பின்னாலேயே வந்தது.

சுவரில் ஈரப்பத முள் தொண்ணூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஏழாம் மாடியிலிருந்து தொலைபேசி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

"சரி, இனிமே உங்களை நான் விசாரிக்கிறேன். சொல்லுங்க... இன்னிக்கு நீங்க எந்த மூஞ்சியத் தொடறீங்க?"

அவள் கை நீட்டி, சிரித்துக்கொண்டிருந்த அவன் கன்னத்தில் ஒற்றை விரலை வைத்தாள்.

"இதை."