சோளக்காட்டில் சிவப்புக் கொடி

அந்தச் சோளக்காட்டில் சிவப்புக் கொடி இருக்கக் கூடாது.

ஆளுயரத்துக்கு மேல் காய்ந்து நின்ற தட்டைகளுக்கு அப்பால் அது ஒருமுறை அசைந்து பனிமூட்டத்தில் மறைந்தது. நுழைவாயிலில் நின்ற ஆட்ரி கேட்டாள்.

"இந்த வருஷம் கொடியெல்லாம் மஞ்சள்தானே?"

"மஞ்சள்தாம்மா." வாயில் காக்கும் கால்வின் நீண்ட கம்பில் கட்டிய கொடியை நீட்டினார். "செகப்பையெல்லாம் போன வருஷமே எரிச்சுட்டோம். வழி தெரியலைன்னா தூக்கி ஆட்டு, காவல் கோபுரத்துலேர்ந்து பாத்துட்டு ஆள் வரும்."

பிறகுதான் அவளை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

போன அக்டோபரில் எமெட், சோளத்துக்கு நடுவே வெட்டிய இதே புதிர்ப்பாதைக்குள் போனான். அவனும் அவளும் ஒரே துறையில் ஆராய்ச்சி மாணவர்கள். பனி உருகியதும் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அவள் வெளியே டோனட் வரிசையில் நின்றாள். உள்ளே நெஞ்சுவலி வந்து அவன் சிவப்புக் கொடியை ஆட்டியிருக்கிறான். மூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. உடலைக் கண்டெடுத்தபோதும் விரல்கள் கம்பை விடவில்லை.

"போதும்டி," என்றாள் கூட வந்த தோழி வின்னி. "ஆப்பிள் பறிச்சாச்சு, பூசணி வாங்கியாச்சு. வீட்ல உன் தீசிஸ் அழுதுட்டிருக்கு."

"அழட்டும். அவன் நடக்காத மிச்சத்த நான் நடக்கணும். இந்தக் காடு என்னை வெளிய விட்டுத்தான் ஆகணும்."

"சோளத்தோடயா சண்டை?"

"ஆமா. நீ டோனட் வாங்கி வை. ஆறிப்போனா உன் தலையில கொட்டுவேன்."

உள்ளே இரண்டு திருப்பம் தாண்டியதும் டிராக்டர் சத்தமும் டோனட்டின் லவங்கப்பட்டை வாசனையும் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றன. ஈரமண்ணும் மக்கிய தாளும் நாற, காற்றே இல்லாதபோதும் காய்ந்த இலைகள் ஒன்றோடொன்று உரசி, பக்கத்து அறையில் படுத்திருப்பவர் புரண்டு படுப்பதுபோல் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தன.

இடப்பக்கம் சிவப்புத் துணி தெரிந்தது. அவளோடு கூடவே வந்தது. அங்கே பாதை இல்லை. தட்டைகளுக்குள்ளேயே வந்தது. ஒரு தட்டையும் ஆடவில்லை.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

ஓடலாம். மஞ்சள் கொடியைத் தூக்கலாம். அவள் தூக்கவில்லை.

அப்போது சிவப்புக் கொடி உயர்ந்தது. ஆடியது. மெதுவாக. கை ஓய்ந்தவன் ஆட்டுவதுபோல. கோபுரத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

"நான் பாத்துட்டேன்," என்றாள் ஆட்ரி. "இந்தத் தடவ நான் பாத்துட்டேன்."

கொடி தாழ்ந்தது. தட்டைகளின் இடுக்கிலிருந்து கம்பின் முனை நீண்டது. மண் அப்பியிருந்தது. மஞ்சளைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடித்தாள். குளிர்ந்தது. இழுத்தாள். மறுமுனையில் கனம்.

"வா, எமெட்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் ஏதோ இழுபட்டு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. திருப்பம். மீண்டும் திருப்பம். வெளிச்சம். லவங்கப்பட்டை.

வாயிலில் வின்னி காகிதப்பையோடு சிரித்தாள். பிறகு ஆட்ரியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பை விழுந்தது.

கால்வின் கதவை இழுத்துச் சாத்தினார்.

"தெறங்க," என்றாள் ஆட்ரி.

அவர் தாழ்ப்பாளைப் போட்டார்.

கம்பின் மேல் விரல்கள் ஊர்ந்து வந்தன. நகங்களில் கறுத்த மண். அவள் கைவரை வந்தன. அவள் விரல்கள்மேல் ஒவ்வொன்றாகப் படிந்து, மூடின.

அவள் பிடியை இறுக்கினாள்.

"தெறங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய வரணும்."